நாற்பது நாள் வெள்ளை

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த 40 நாளில் அவள் தலையில் ஒன்றேகால் சென்டிமீட்டர் போல வெள்ளை வளர்ந்துவிட்டது. வகிட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, அதற்கப்புறம் மைக்கறுப்பு. நடுவில், அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு கோடு. இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து, புண்ணில் சீழ் வைத்து, மறுபடி அறுவை என்று அவள் பட்ட பாட்டில் இந்தக் கோட்டைப் பற்றி நினைக்க எங்கள் யாருக்கும் நேரமில்லை. அவளுக்கு இருந்தது.

"யாரையும் பாக்க வரச் சொல்லாதடி" என்றாள் ஒருநாள். "தலை கெடக்குற கெடப்பப் பாத்தா என்ன நெனப்பாங்க?"

கும்பகோணத்திலிருந்து சித்தி வந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி, கையில் சாத்துக்குடிப் பையோடு வார்டு வாசலில் அவள் குரல் கேட்டதும் அம்மா துண்டை இழுத்து நெற்றிவரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். சித்தி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, "தூங்கட்டும், எழுப்பாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா தூங்கவில்லை. சித்தி லிஃப்டில் இறங்கியதும் கண்ணைத் திறந்து, "போயிட்டாளா?" என்றாள். அறுபது வருஷத்துக்கு மேலாகப் பழகிய தங்கையை முகம் பார்க்க முடியாமல் தடுத்தது ஒன்றேகால் சென்டிமீட்டர்.

அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, தலைக்கு என்ன நிறம் என்று நாம் தேர்ந்தெடுக்கும்போது நடமாட்டமாக இருக்கும் நாளை மட்டும் மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று. கல்யாணம், மகன் நிச்சயதார்த்தம், வேலையில் புதுப் பொறுப்பு. படுத்துக் கிடக்கப்போகிற மாதத்தை யாரும் நினைப்பதில்லை. ஆனால் நிறத்துக்கு உண்மையான சோதனை அந்த மாதத்தில்தான் வருகிறது.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. டை அடிக்க ஆரம்பித்தது 46-இல். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று 28 வருஷம். உறையூர் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, தோளில் பழைய பாவாடையைச் சுற்றிக்கொண்டு, காதோரமும் நெற்றியோரமும் வாசலைன் தடவிக்கொண்டு உட்காருவாள். அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்கென்றே ஒரு தேய்ந்த டூத் பிரஷ். கிண்ணத்தின் அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்த மாதிரி இருக்கும். முன்பக்கம் அவளே வைத்துக்கொள்வாள், பிடரிக்குத்தான் நான். முடியை வகுத்து வகுத்துப் பிரஷை வைக்கும்போது தலைத்தோலின் சூடு விரலில் தெரியும். அந்த அமோனியா நெடியும், மேலே காயப்போட்ட புடவையின் ஈரமும் சேர்ந்த வாசனைதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வாசனை. என் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான் போயிற்று. அவளோடு நிதானமாகப் பேசியதெல்லாம் அந்தப் பிடரிப் பக்கம் நின்றுகொண்டுதான். ஆகவே டையின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

டையைப் பலரும் பூச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுவருக்கு அடிக்கிற பெயின்ட் மாதிரி முடியின் மேல் படிவது என்று. உண்மையில் நிரந்தரச் சாயம் முடிக்குள்ளேதான் உருவாகிறது. ஒவ்வொரு முடியையும் மீன் செதிலைப் போல அடுக்கடுக்கான ஒரு மேலுறை மூடியிருக்கிறது. அமோனியா அந்த அடுக்கைத் தளர்த்துகிறது. நிறமில்லாத சிறிய மூலக்கூறுகள் அந்த இடைவெளியில் உள்ளே போகின்றன. கூடவே போகிற ஹைட்ரஜன் பெராக்சைடு, முடியின் சொந்த நிறத்தைக் கொஞ்சம் வெளுத்து, இந்தச் சிறிய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாக்குகிறது. பெரிதானவை வந்த வழியே திரும்ப முடியாது. நிறம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. இந்த வேதியியலுக்கு அடிப்படையான பாரா-ஃபீனைலின்டையமினைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். 1907-இல் பாரிஸில் யூஜின் ஷூலர் என்ற இளம் வேதியியலாளர் செயற்கைக் கேசச் சாயம் ஒன்றைத் தயாரித்து அங்கிருந்த முடிதிருத்தகங்களுக்கு விற்க ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் லோரியால். நூற்றுச் சொச்சம் வருஷமாகியும் கறுப்புச் சாயத்தின் உள்விவகாரம் பெரிதாக மாறவில்லை.

ஆக, போட்ட நிறம் அவ்வளவு லேசில் போகாது. அப்படியானால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்ன வேலை? வேலை வைப்பது நிறம் இல்லை, வளர்ச்சி. தலைமுடி ஒருநாளைக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வளர்கிறது. மூன்று வாரத்தில் 7 மில்லிமீட்டர். மயிர்க்காலில் நிறமி செய்கிற செல்கள் ஓய்ந்துவிட்டால் அங்கிருந்து புதிதாக வருவதெல்லாம் வெள்ளையாகவே வரும். நாம் சாயம் ஏற்றியது பழைய முடிக்கு. வருவது புது முடி. பராமரிப்பில் இது ஒரு வகை: வேரில் வளர்வதைத் துரத்திக்கொண்டே ஓடுவது. இன்னொரு வகை, நுனிவரை மங்கிக்கொண்டே போவதைப் பிடித்து நிறுத்துவது. நரையை மறைப்பவர்களுக்கு முதல் தொல்லை. நீலம், சிவப்பு, ஊதா என்று போடுகிறவர்களுக்கு இரண்டும்.

என் அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒரு தீபாவளிக்கு முழங்கை நீளத் தலைமுடியின் கீழ்ப்பாதியை நீலமாக்கிக்கொண்டு வந்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது, மயில் கழுத்து மாதிரி. விடியற்காலை நாலரைக்கு அம்மா நல்லெண்ணெயில் ஓமமும் மிளகும் போட்டுக் காய்ச்சி, கிண்ணத்தோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். பேத்தி தலையைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

"அப்பாயி, ஒரு சொட்டு உச்சில மட்டும் வை. கீழ தேய்க்காத. கலர் போயிரும்."

அம்மா கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் சொன்னது சரிதான். நம் ஊர்க் கறுப்பு முடியில் நீலம் தெரியாது; முதலில் அதை வெளுக்க வேண்டும். கறுப்பு வெளுக்கும்போது சிவப்பாகி, ஆரஞ்சாகி, அப்புறம்தான் மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்கு மேல்தான் நீலத்தை ஏற்றுகிறார்கள். அந்த நீலம் உள்ளே பூட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் சீயக்காய் போட்டு அலசினால் ஒரே நாளில் பாதி போய்விடும். மங்குகிற நீலத்துக்கு அடியில் மஞ்சள் இருப்பதால் பாசி பிடித்த பச்சையாகும். அவள் வாரம் ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில்தான் தலைக்கு ஊற்றினாள், வெயிலில் துணி கட்டிக்கொண்டாள், நீச்சலை நிறுத்தினாள். அவள் எடுத்துக்கொண்ட நிறம், அந்த வீட்டில் தலைமுறையாக இருந்த எண்ணெய்க் குளியலைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அவள் அதைத் தெரிந்தே கொடுத்தாள் என்பதால் எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. தெரியாமல் கொடுப்பதைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

அம்மா தெரியாமல் கொடுத்தவள். நானும் அப்படித்தான். 34 வயதில் எனக்கு முன்நெற்றியில் நரை விழுந்தது. பள்ளிக்கூட வேலை, பிள்ளைகள் பார்க்கும். கடையில் போய்க் கறுப்பு என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. நமக்கு முடி என்றால் கறுப்பு. கறுப்புப் போனால் கறுப்பை வாங்கி வை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் போன்றவர்கள் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கக் காட்டிய வழியில் அப்புறம் டையும் பாக்கெட்டுக்கு வந்துவிட்டது. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும். ஒருமுறைக்கு ஆகிற காசு கையைக் கடிக்காததால், எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை.

நான் ஒருநாள் எண்ணினேன். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் அது. மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 17 முறை. எனக்கு 18 வருஷம். 306 முறை. கலக்கி, வைத்து, காய்ந்து, அலசி, பாத்ரூம் தரையைத் தேய்த்துக் கழுவுவதுவரை தடவைக்கு இரண்டு மணி நேரம். 612 மணி நேரம். இரவும் பகலுமாகச் சேர்த்து 25 நாளுக்கு மேல். அம்மாவுடைய கணக்கு 476 முறை. அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் வீணாகப் போன நேரம் என்று எதையும் என்னால் அடிக்க முடியவில்லை. அவள் பிடரிப் பக்கம் நான் நின்ற மணிகளும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் வேறு நிறத்தைக் கேட்டிருப்பேன் என்பது மட்டும் நிச்சயம்.

வேறு நிறம் என்றால்? இதைத்தான் யாரும் நமக்குச் சொல்வதில்லை. பாதிக்கு மேல் நரைத்த தலைக்கு, பராமரிக்க மிகக் கடினமான நிறம் கறுப்பு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள தூரம்தான் அந்தக் கோடு. தூரம் குறையக் குறையக் கோடு கரைகிறது. அதே தலைக்கு நடுத்தரப் பழுப்பு வைத்தால் மூன்றாவது வாரம் உறுத்துவது ஐந்தாவது ஆறாவது வாரத்தில்தான் உறுத்தும். இன்னும் வெளிறிய பழுப்பில், மெல்லிய இழைகளாக அங்கங்கே மட்டும் எடுத்து வைத்தால் நரை அந்த இழைகளோடு கலந்துவிடும். வளர்ந்து வருவது எது, வைத்தது எது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. மூன்று மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் தலை தலையாக இருக்கும். இன்னொரு பக்கம், நூற்றுக்குப் பத்து முடிதான் நரைத்திருக்கிறது என்றால் கணக்கே வேறு. அப்போது மொத்தத் தலைக்கும் சாயம் ஏற்றுவது, பார்லர்காரர்கள் குளோபல் என்கிறார்களே அது, இல்லாத கடனை வாங்கி வட்டி கட்டுவது.

மருதாணி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் மூன்று வருஷம் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரும்புச் சட்டியில் டீ டிகாக்‌ஷனை ஊற்றி ராத்திரி ஊறவைத்து, காலையில் கட்டியில்லாமல் கரைத்து அப்பினால், குளிர்ச்சி கண்வரை இறங்கும். மருதாணியின் செம்மை முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த முடி இருக்கிறவரை போகாது. வெள்ளை முடி செங்கல் நிறமாகும், கறுப்பு முடி வெயிலில் மட்டும் சிவப்புக் காட்டும். சுத்தமான மருதாணி கறுப்புத் தராது. கறுப்பு வேண்டுமென்றால் மருதாணியை அலசிவிட்டு அவுரி வைக்க வேண்டும். நீலச் சாயத்துக்காகத் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் விளைவித்த அதே அவுரிதான். இலைப்பொடியை வெதுவெதுப்பான நீரில் கலக்கிப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தலையில் ஏற்றிவிட வேண்டும், வைத்திருந்தால் சத்து போய்விடும். அலசியதும் பச்சை கலந்த நிறமாகத் தெரிந்து பயமுறுத்தும். ஒருநாள் இரண்டு நாளில் காற்றுப் பட்டுப் பட்டுக் கறுக்கும். நல்ல நிறம், ஆழமான நிறம். ஆனால் ஒரு ஞாயிறு முழுக்க அதற்குத்தான். வேரில் வெள்ளை வளர்வதை மருதாணியும் நிறுத்தாது. அதிகம் வேலை வாங்காதது எது என்று தேடி மருதாணிக்குப் போனவள் நான். அது கேட்ட நேரம் டையைவிடக் கூடுதல். மருதாணி பிடித்திருந்தால் வையுங்கள், வேலை மிச்சம் என்று நினைத்து வைக்காதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பத்து நிமிஷத்தில் கறுப்பாகும் மருதாணி என்று எதையாவது விற்றால் அதில் மருதாணியைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அந்த வேறு ஏதோ, முன்பு சொன்ன பாரா-ஃபீனைலின்டையமின்தான். எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிற டீச்சர் ஒருவர் பல வருஷமாக ஒரே டையை வைத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்தார். சனிக்கிழமை காது மடல் தடித்து, ஞாயிற்றுக்கிழமை கண் இமை திறக்க முடியாமல் வீங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த ஒவ்வாமையின் இயல்பே அப்படி. உடம்பு ஒவ்வொரு முறையும் அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே வந்து ஒருநாள் எதிர்க்கும். அப்புறம் வாழ்நாள் முழுக்க எதிர்க்கும். காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து 48 மணி நேரம் பார்க்கச் சொல்லிப் பெட்டியிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவசரமாக வைக்கிறவர்களில் அதை எத்தனை பேர் செய்கிறோம்? அடிக்கடி வைக்க வேண்டிய நிறம், அடிக்கடி இந்த ஆபத்துக்கும் தலையைக் கொடுக்கச் சொல்கிற நிறம். பராமரிப்பு என்பதில் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

புறநானூற்றில் பிசிராந்தையாரிடம் கேட்கிறார்கள், இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லாமல் இருப்பது எப்படி என்று. அவர் சொல்கிற பதில் பள்ளிப் புத்தகத்தில் படித்தது: மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் சொன்னபடி நடக்கிறவர்கள், அரசன் அல்லாதது செய்யாமல் காக்கிறான், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள். வருஷா வருஷம் இந்தப் பாட்டை நான் நடத்துகிறேன். அழகான பாட்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் நடத்தும்போது ஒன்று உறைத்தது. ஒரு தலை கறுப்பாக இருக்க இத்தனை பேர் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்கிற மனைவியின் தலை நரைத்திருந்ததா என்று கேட்டவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வகுப்பில் இதைச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அவங்க டை அடிச்சிருப்பாங்க டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அவள் வீட்டிலும் ஒரு கொல்லையும் ஒரு ஸ்டூலும் இருந்திருக்க வேண்டும்.

வழக்கோடு வந்தவர்கள் தன் இளமையைப் பார்த்துத் தயங்கியதால் கரிகாலன் நரைமுடி தரித்து வந்து தீர்ப்புச் சொன்னான் என்ற கதை பழமொழி நானூற்றில் இருக்கிறது. ஆணுக்கு நரை அப்போதும் ஒரு தகுதி. 2011-இல் 'மங்காத்தா' வந்தபோது அஜித் நரைத்த தலையோடு நடித்தார்; அதற்கப்புறம் சலூனில் உட்காரும் ஆண்களுக்கு சால்ட் அண்ட் பெப்பர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் கிடைத்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதே மாதிரித் தலையோடு வருகிற ஆசிரியை ஒருவரிடம், "உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். இந்த அநியாயம் ஒருநாளில் தீரப்போவதில்லை. தீருகிறவரை டை அடிக்காதே என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வேலைக்குப் போகிற இடத்தில், மகளுக்கு வரன் பார்க்கிற வீட்டில், கறுப்புத் தலைக்குக் கிடைக்கிற மரியாதை என்னவென்று எனக்குத் தெரியும். சாயம் வைப்பதா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு அவ்வளவு அக்கறையில்லை. வைத்த சாயம் எவ்வளவு நாள் நம்மைச் சும்மா விடும் என்பதில்தான் என் அக்கறை முழுவதும்.

தில்லைநகரில் ஒரு சின்ன பார்லர். அங்கே வேலை செய்கிற பெண் லால்குடிப் பக்கம். நான் போய் உட்கார்ந்ததும் நிற அட்டையை நீட்டினாள். குட்டிக் குட்டி முடிக் குஞ்சங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு எண். 1 என்பது கறுப்பு, எண் ஏற ஏற வெளிறும், 10 வந்தால் வெளிர் மஞ்சள். நான் அட்டையை வாங்கவில்லை. "ரெண்டு மாசம் என்னால எழுந்திரிக்க முடியலன்னு வச்சுக்க. அப்பவும் அசிங்கமாத் தெரியாம இருக்கணும். அதுக்கு என்ன கலரு?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பின்னால் வந்து நின்று கொண்டையை அவிழ்த்து, நாலு இடத்தில் வகுத்துப் பார்த்தாள். "இத்தன நாளும் கறுப்புதானம்மா வச்சீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "கறுப்பு மேல பிரவுன் ஏறாதும்மா. டை மேல வேற டை வச்சு வெளுக்க முடியாது. மொத்தமா பிளீச் பண்ணுனா முடி வைக்கோலாயிரும்." அப்புறம் அவள் சொன்னதுதான் நான் செய்தது. முதலில் மூன்று மாதம் எதுவும் வைக்காமல் வேரை வளரவிட்டேன். அந்த மூன்று மாதம் சிரமமாகத்தான் இருந்தது. வகிட்டைக் கோணலாக எடுத்து, நெற்றியில் கொஞ்சம் இழுத்து விட்டுச் சமாளித்தேன். அதற்குப் பிறகு முடியைத் தோளுக்கு வெட்டினாள். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில், ஊசி கோப்பது போல மெல்லிய இழைகளைப் பிரித்தெடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, அந்த இழைகளை மட்டும் வெளுத்து இளம்பழுப்பு ஏற்றினாள். மூன்றரை மணி நேரம். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை. அவ்வளவுதான். கோடு உடைந்து போயிற்று.

தோள்வரை முடி 30 சென்டிமீட்டர். அது முழுதும் புதிதாக வளர இரண்டரை வருஷம் ஆகும். இடுப்புவரை பின்னல் போட்டவர்களுக்கு அந்தப் பின்னலின் நுனி ஆறு வருஷத்துக்கு முந்தைய முடி. தலையில் செய்கிற எதையும் உடனே மாற்றிவிடலாம் என்று பார்லர் விளம்பரங்கள் சொல்வதை நம்பாதீர்கள். கூட்டுவது சுலபம், ஒரு மணி நேரத்தில் ஆகும். கழிப்பதற்கு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற ஒரே வழிதான் இருக்கிறது.

வெள்ளைக்கும் வேலை உண்டு என்பதை இப்போது தெரிந்துகொண்டிருக்கிறேன். நரைத்த முடி கொஞ்சம் முரடு, காய்ந்து நிற்கும், வெயிலில் மஞ்சளடிக்கும். ஞாயிறு காலையில் தேங்காய் எண்ணெய் வைத்து அரைமணி ஊறி அலசுகிறேன். நான் விட்ட எண்ணெய்க் குளியல் திரும்பி வந்திருக்கிறது. அந்த வேலையை ஒரு வாரம் செய்யாவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

அம்மாவைப் பற்றி ஒன்று பாக்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவளுக்கு டை வைத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, தலைமாட்டில் ரப்பர் ஷீட் விரித்து, வாக்கரைப் பிடித்து நிற்கக்கூட முடியாதவளைச் சாய்த்து உட்கார வைத்து, பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து மூன்று குவளை மூன்று குவளையாக ஊற்றி அலசினேன். காதோரம் வழிந்ததைத் துடைத்தேன். கண்ணாடியைக் காட்டியதும் முதல் காரியமாக, "கும்பகோணத்துக்கு ஒரு ஃபோனப் போடு" என்றாள். சித்தி மறுநாளே வந்தாள். இரண்டு பேரும் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மா நாலு மாதம் இருந்தாள். ஆறு முறை வைத்தேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு முதுகு வலித்தது, ஒவ்வொரு முறையும் போதும் விடு என்று நான் சொல்ல நினைத்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு நிறத்தை மாற்றச் சொல்வது கொடுமை. மாற்றுவதென்றால் பத்து வருஷம் முன்னால், அவள் ஓடியாடி நின்ற காலத்தில், கொல்லை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது நான் பேசியிருக்க வேண்டும். பிடரிப் பக்கம் நின்று என்னென்னவோ பேசினேன், இதைப் பேசவில்லை.

போன மாதம் என் மகளை உட்கார வைத்துச் சொன்னேன். நான் படுத்துவிட்டால் தலையைச் சீவி, சிக்கெடுத்து, தளரப் பின்னிவிடு. சாயம் எதுவும் வேண்டாம். யார் பார்க்க வந்தாலும் உள்ளே விடு. அவள், "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள். உங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்பார்கள். வைக்கச் சொல்வதானாலும் சரி, வேண்டாம் என்று சொல்வதானாலும் சரி, நிற்க முடிகிறபோதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.